அறம் கட்டப்படுவதா, கண்டறியப்படுவதா?

சந்தையில் ஒரு வணிகர் எடையைக் குறைத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வாங்கிச் செல்பவர் அதை அறியவில்லை. எடையைச் சோதிக்கும் அதிகாரி அந்தப் பக்கம் வந்ததே இல்லை. நட்டமும் ஒரு கைப்பிடி அரிசிதான். எனினும் அச்செயல் தவறு என்பதில் நம்மில் எவருக்கும் ஐயம் இராது. ஐயம் எழுவது அடுத்த கேள்வியில்தான். அது ஏன் தவறு?

இக்கேள்விக்கு மூன்று வகையான விடைகள் உண்டு. இறைவன் அதைத் தடுத்திருக்கிறான், ஆகவே தவறு என்பது முதல் விடை. ஏமாற்றுதல் தன் இயல்பிலேயே இழிவானது, எவர் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் தவறே என்பது இரண்டாம் விடை. சேர்ந்து வாழ வேண்டிய மனிதர்கள் ஒருவரையொருவர் சமமாக மதித்து ஆராய்ந்து பார்த்தால் எவரும் ஏற்க முடியாத நெறியொன்றை அந்த வணிகர் பின்பற்றினார், ஆகவே தவறு என்பது மூன்றாம் விடை.

இம்மூன்றாம் விடையே இன்றைய மேலைநாட்டு அறவியலில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருக்கிறது. அதற்குக் 'கன்ஸ்ட்ரக்டிவிசம்' என்று பெயர். தமிழில் அதை அறக் கட்டுமானக் கொள்கை எனலாம். அறநெறிகள் நமக்கு முன்பே எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை, நியாயமான ஒரு முறையைக் கையாண்டு மனித அறிவே அவற்றைக் கட்டியெழுப்புகிறது என்பது அதன் சாரம்.

பேராசிரியர்களின் வாதத்தில் நமக்கென்ன வேலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள், "அறமெல்லாம் மனிதர் வகுத்துக் கொண்டதுதானே, வகுத்தவர்களே மாற்றிக் கொண்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். மறுபுறம், பல சமயத்தவரும் சமயம் சாராதவரும் கலந்து வாழும் நாட்டில், நம் வேதத்தை ஏற்காத அண்டை வீட்டாரிடம் எந்த அடிப்படையில் நீதி கேட்பது என்ற கேள்வி நமக்கே இருக்கிறது. இரண்டு கேள்விகளுக்கும் இக்கொள்கை விடை கூற முன்வருகிறது. அதன் வலிமை எது, வரம்பு எது என்று ஆராய்வது நம் கடமையாகிறது.

பழைய வினா

அறத்தின் வேர் எது என்ற வினா புதிதன்று. கிரேக்க அறிஞர் பிளேட்டோ, 'யூதிஃப்ரோ' என்னும் உரையாடலில் தம் ஆசான் சாக்ரட்டீஸின் வாயிலாக இதை எழுப்பினார். தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா என்பதே அந்த வினா.

இஸ்லாமிய உலகில் இதே வினா 'ஹுஸ்னு, குப்ஹு' என்ற பெயரால் பஸ்ராவிலும் பக்தாதிலும் பல நூற்றாண்டுகள் விவாதிக்கப்பட்டது. நன்மையும் தீமையும் செயல்களிலேயே அடங்கியுள்ளன, அறிவு அவற்றைத் தானே கண்டறியும் என்றனர் முஃதஸிலாக்கள். ஹிஜ்ரி 415இல் மறைந்த காழீ அப்துல் ஜப்பார் இக்கருத்தை விரிவான நூல்களில் நிலைநாட்ட முயன்றார். முஃதஸிலாக்களிடம் பயின்று, நாற்பது வயதளவில் அவர்களை விட்டு விலகியவர் என்று வரலாறு கூறும் இமாம் அபுல் ஹஸன் அல் அஷ்அரீ (ரஹ்) இதை மறுத்தார். ஷரீஅத் நல்லதென்று கூறியதே நல்லது, தீயதென்று கூறியதே தீயது, அறிவு தனித்து நின்று நம்மீது கடமையைச் சுமத்தாது என்பது அன்னாரின் நிலை. அவர் மறைந்தது ஹிஜ்ரி 324இல். ஏறத்தாழ அதே காலத்தில் ஸமர்கந்தில் வாழ்ந்த இமாம் அபூ மன்ஸூர் அல் மாதுரீதீ (ரஹ்) இடைவழியொன்றைக் கண்டார். செயல்கள் சிலவற்றின் நன்மை தீமையை மனித அறிவு உணர வல்லது, அவ்வுணர்வுக்கு முழுமையும் தெளிவும் தருவது வஹீ என்பது அவர் வழி.

இப்பிரிவுகள் நமக்குத் தொலைவானவை அல்ல. தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள் மிகுதி. முன்னவர் கொள்கையில் அஷ்அரீ வழியையும், பின்னவர் மாதுரீதீ வழியையும் சார்ந்து வந்திருப்பது மரபு. ஆக, கடற்கரையில் பெண்ணெடுத்து உள்நாட்டில் வாழும் ஒரு குடும்பத்திற்குள் இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் உள்ளன. அவற்றோடு அக்குடும்பம் அமைதியாகவே வாழ்ந்து வருகிறது!

முஃதஸிலா, அஷ்அரீ, மாதுரீதீ ஆகிய மூன்று வழியினரும் ஒன்றில் உடன்படுகின்றனர். செயலின் இயல்பில் இருந்தாலும் இறைவனின் கட்டளையில் இருந்தாலும், அறம் நம் கைப்படைப்பு அன்று. இந்த இடத்திலேதான் கட்டுமானக் கொள்கை வேறுபடுகிறது.

புதிய விடை

இக்கொள்கையின் மூதாதை ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட். அறநெறியின் அடிப்படையை ஆராய்ந்து 1785இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஒருவருக்குப் பணமுடை. திருப்பித் தர இயலாது என்று தெரிந்தும், தருவதாக வாக்களித்துக் கடன் கேட்கிறார். அவர் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி இது. நெருக்கடியில் இருக்கும் எவரும் பொய் வாக்குக் கொடுக்கலாம் என்பது எல்லோருக்கும் உரிய சட்டமானால் என்ன ஆகும்? அப்போது எவர் வாக்கையும் எவரும் நம்பமாட்டார். வாக்கு என்ற ஒன்றே இல்லாது போகும். தம் செயலைப் பொதுச் சட்டமாக விரும்ப முடியாதவர், தமக்கு மட்டும் விலக்குக் கேட்கிறார். அதுவே தவறு என்றார் கான்ட். வெளியிலிருந்து வரும் எந்தக் கட்டளையையும் துணைக்கழைக்காமல், அறிவு தனக்குத் தானே சட்டம் வகுத்துக் கொள்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

இக்கருத்தை நம் காலத்திற்கு ஏற்ப வளர்த்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் ரால்ஸ் (1921-2002). இளமையில் கிறித்தவ மதகுருவாகப் பயில எண்ணியிருந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் போர்முனைக்குச் சென்று திரும்பியபோது அந்த எண்ணமும் பழைய நம்பிக்கையும் அவரை விட்டு அகன்றிருந்தன. சமயத்திலும் வாழ்வின் நோக்கத்திலும் ஒன்றுபடாத மக்கள் ஒரே நாட்டில் நீதியுடன் வாழ்வது எங்ஙனம் என்பதே பின்னர் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று. 1971இல் வெளிவந்த 'நீதிக் கோட்பாடு' என்ற நூல் அவருக்கு உலகப் புகழைத் தந்தது. 1980இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய மூன்று சொற்பொழிவுகளில் தம் வழிக்குக் கான்டியக் கட்டுமானக் கொள்கை என்று பெயரிட்டார்.

அவர் அமைத்துக் காட்டும் முறை எளிமையானது. ஒரு சமுதாயத்தின் அடிப்படை விதிகளை வகுக்க மனிதர்கள் கூடுகின்றனர். ஆனால் அவர்கள் முன்னே ஓர் அறியாமைத் திரை தொங்குகிறது. தாம் செல்வரா வறியரா, ஆணா பெண்ணா, எந்த இனம், எந்தச் சமயம், உடல் நலம் உள்ளவரா நோயாளியா என்பது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அந்நிலையில் எவரும் தமக்குச் சாதகமாக விதியை வளைக்க இயலாது. வறியவரை நசுக்கும் விதியை எழுதியவர், திரை விலகியதும் தாமே வறியவராக இருக்கக் காணலாம். இத்தகைய நிலையில் அவர்கள் ஏற்கும் விதிகளே நீதி என்கிறார் ரால்ஸ். பாகம் பிரிப்பவருக்குக் கடைசிப் பங்கு என்று வைத்தால் பாகங்கள் தாமே சமமாகிவிடும் என்பது வீடுகளில் பழகிய அறிவு. அதனையே ஒரு நாட்டின் அளவுக்கு விரித்துக் காட்டினார் எனலாம்.

ரால்ஸ் சமுதாய நீதி என்ற அளவோடு நின்றார். டி. எம். ஸ்கான்லன் 1998இல் எழுதிய நூலில், பிறர் நியாயமாக மறுக்க முடியாத நெறிகளின்படி நாம் நடக்கிறோமா என்பதே மனிதர்க்கிடையேயான சரி தவறுகளின் உரைகல் என்றார். கிறிஸ்டீன் கோர்ஸ்கார்டு 1996இல் வெளியிட்ட நூலில் கான்ட்டின் வழியை அறம் முழுமைக்கும் விரித்தார்.

நம் வாசலில் இம்முறையின் வலிமை

இம்முறையின் கூர்மையை அறிய அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. நம் சமுதாயத்தின் கைக்கூலி வழக்கத்தை எடுத்துக் கொள்வோம். மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்பது மார்க்கம். நடைமுறையிலோ பெண்ணைப் பெற்றவர் ரொக்கமும் நகையும், சில ஊர்களில் வீடும் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. எனினும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை.

கேட்பவர் கூறும் நியாயம் என்ன? "நாங்கள் வற்புறுத்தவில்லை. இரு வீட்டாரும் பேசி மனமொப்பித்தான் முடித்தோம். ஊரெல்லாம் நடப்பதுதான்." ஆம், உடன்பாடு இருக்கிறது. சாட்சிகளும் இருக்கின்றனர். ஆனால் அது எத்தகைய உடன்பாடு? வயதேறும் மகளை வீட்டில் வைத்துக் கொண்டு ஒரு தந்தை தலையசைப்பதற்கு மனமொப்பு என்று பெயரிடலாமா?

இங்கே அறியாமைத் திரையைத் தொங்கவிட்டுப் பார்ப்போம். தமக்குப் பிறக்கப் போவது மூன்று ஆண் மக்களா, மூன்று பெண் மக்களா என்று அறியாத ஒருவரிடம், "இவ்வழக்கம் ஊரில் நிலைக்கட்டுமா?" என்று கேட்டால், அவர் என்ன சொல்வார்? தாம் சம்பாதிக்கப் போவது கப்பல் வணிகத்திலா, கூலி வேலையிலா என்பதும் அவருக்குத் தெரியாது. அந்நிலையில் இவ்வழக்கத்திற்குக் கையொப்பமிடும் மனிதர் எவரும் இரார் என்று துணிந்து கூறலாம். ஊர் முழுதும் உடன்பட்டிருக்கும் ஒன்று, நியாயமான நிலையில் ஒருவரும் உடன்பட முடியாத ஒன்றாக இருக்கலாம் என்பதை இம்முறை ஒரே கேள்வியில் காட்டிவிடுகிறது.

நம்மைப் பொறுத்தவரை இதில் மற்றொரு பாடமும் உண்டு. "இறைவன் கட்டளையிட்டான், அத்துடன் முடிந்தது" என்று கூறுவதால் மட்டும் நாம் தன்னலத்திலிருந்து தப்பிவிடுவதில்லை. கட்டளை இறைவனுடையது. அதைப் படிப்பதும் பொருள் கொள்வதும் மனிதர்கள். மஹரைப் பெயரளவுக்கு ஒரு சிறு தொகையாக்கிவிட்டுக் கைக்கூலியைப் பேரேடாக்கியவர்கள் வேதத்தை மறுத்தவர்கள் அல்லர். அதை மதித்துக் கொண்டே தமக்கு வசதியாக வாழ்ந்தவர்கள். நம்முடைய வாசிப்பில் நம்முடைய ஆதாயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் கண்ணாடி, நம்பிக்கையாளருக்கும் வேண்டியதே.

மேசையில் அமர்ந்தவர் யார்?

இவ்வளவு பயனுள்ள முறையை அறத்தின் அடித்தளம் என்றே ஏற்றுக் கொண்டால் என்ன? அதற்கு விடை காண, மனிதர் கூடிக் கட்டிய ஒரு புகழ்மிக்க கட்டடத்தைப் பார்ப்போம்.

1787ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 55 பிரதிநிதிகள் பங்கேற்ற மாநாடு கூடியது. மாதக்கணக்கில் வாதிட்டு, விட்டுக் கொடுத்து, அந்நாட்டின் அரசியலமைப்பை அவர்கள் வகுத்தனர். அவர்களிடையே எழுந்த சிக்கல்களுள் ஒன்று, மாநிலங்களின் மக்கள் தொகையைக் கணக்கிடும்போது அடிமைகளைச் சேர்ப்பதா என்பது. இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பிரதிநிதித்துவத்தையும் நேர்முக வரியையும் கணக்கிடுகையில் அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்ப்பது என்பதே அது. அடிமைக்கு வாக்குரிமை இல்லை. அவருடைய தலையெண்ணிக்கையோ எசமானரின் மாநிலத்திற்குக் கூடுதல் இடங்களைப் பெற்றுத் தந்தது. அந்த ஆவணத்தில் அடிமை என்ற சொல்லே இடம்பெறவில்லை. 1865இல் அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தின் போதுதான் அச்சொல் அதற்குள் நுழைந்தது.

முறைப்படி கூடினார்கள், முறைப்படி விவாதித்தார்கள், முறைப்படி உடன்பட்டார்கள். ஆனால் எவரைப் பற்றிய உடன்பாடோ, அவர் அந்த அறைக்குள் இல்லை.

கட்டுமானக் கொள்கையினர் இதற்கு உடனே ஒரு மறுப்புக் கூறுவர். "பிலடெல்பியாவில் நடந்தது வரலாற்று உடன்பாடு. நாங்கள் கூறுவதோ, அனைவரையும் சுதந்திரமும் சமத்துவமும் உடையவராகக் கொண்ட நிலையில் நிகழக்கூடிய உடன்பாடு. அடிமையும் திரைக்குப் பின்னே அமர்ந்திருந்தால் அவ்விதி எழுதப்பட்டிராது." இம்மறுப்பு நியாயமானது. ரால்ஸின் முறை அந்த மாநாட்டைக் கண்டிக்குமேயன்றி ஆதரிக்காது.

ஆயினும் கேள்வி ஓய்வதில்லை. ஓர் அடி பின்னே செல்கிறது. அடிமையையும் சமமானவராகத் திரைக்குப் பின்னே அமர்த்த வேண்டும் என்று நமக்குச் சொன்னது எது? அதைத் திரை சொல்ல முடியாது. திரையைத் தொங்கவிடும் முன்பே அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரால்ஸ் நேர்மையாளர். அனைத்துமே கட்டப்படுவதன்று, கட்டத் தொடங்குவதற்கு மூலப்பொருள் வேண்டும் என்று 1993இல் வெளிவந்த 'அரசியல் தாராளவாதம்' என்ற நூலில் அவரே ஒப்புக் கொண்டார். மனிதர் சுதந்திரரும் சமமானவரும் ஆவர் என்ற கருத்தே அந்த மூலப்பொருள். அது எங்கிருந்து வருகிறது? மக்களாட்சி நாடுகளின் பொதுப் பண்பாட்டில் அது பொதிந்திருக்கிறது என்றார் அவர்.

அப்பண்பாடு இல்லாத இடத்திலும் காலத்திலும் என்ன செய்வது? அங்கே அடிமைக்கு இழைக்கப்பட்டது அநீதி ஆகாதா?

கோர்ஸ்கார்டு இக்கண்ணியை இறுக்க முயன்றார். எதையேனும் மதிப்புள்ளதாகக் கருதும் எவரும், அவ்வாறு மதிப்பளிக்கும் தம் மனிதத்தன்மையை மதித்தே ஆக வேண்டும், தம் மனிதத்தன்மையை மதிப்பவர் பிறருடையதையும் மதிக்கக் கடமைப்பட்டவர் என்பது அவர் வாதம். அரிய வாதம்தான். ஆனால் 'தம்முடையது' என்பதிலிருந்து 'பிறருடையது' என்பதற்குத் தாவும் இடத்தில் பலர் தயங்கி நிற்கின்றனர். அதே முகாமைச் சேர்ந்த ஷாரன் ஸ்ட்ரீட் என்ற அறிஞர் தயங்கவில்லை. பிறர் துன்பத்தில் இன்பம் காண்பதையே தன் மதிப்பாகக் கொண்டு, அதில் எள்ளளவும் முரண்பாடின்றி வாழும் ஒரு கொடுங்கோலனைக் கற்பனை செய்தால், அவன் எந்தக் காரணத்தையும் மீறினான் என்று சொல்வதற்கில்லை என்பதை அவர் ஏற்றுக் கொள்கிறார். அறிவின் நேர்மைக்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் அந்தக் கொடுங்கோலனின் கையில் அகப்பட்டவரிடம் இதை யார் சொல்வது?

காரணம் கேட்காத ஓர் உடன்பாடு

கட்டுவதும் கண்டறிவதும் ஒரே செயலில் சந்தித்த ஒரு நிகழ்ச்சி அண்மை வரலாற்றில் உண்டு. இரண்டாம் உலகப் போரின் பேரழிவுக்குப் பின், மனித உரிமைகளை வகுக்க ஐக்கிய நாடுகள் சபை ஓர் ஆணையத்தை அமைத்தது. தலைமை ஏற்றவர் அமெரிக்காவின் எலினார் ரூஸ்வெல்ட். லெபனானின் சார்லஸ் மாலிக்கும் சீனாவின் பி. சி. சாங்கும் அதில் முதன்மையானோர். முன்னவர் கிறித்தவ மெய்யியலில் தோய்ந்தவர். பின்னவர் கன்பூஷிய மரபில் ஊறியவர். இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்தார் ஹன்ஸா மேத்தா. ஆண்பால் தொனிக்கும் சொல்லால் தொடங்கிய முதல் விதியை, மனிதப் பிறவி அனைவரையும் குறிக்கும்படி மாற்றச் செய்த பெருமை அவருக்கு உரியது. ஒரு சொல் மாறியதில் மனித குலத்தின் பாதி மேசைக்கு வந்து சேர்ந்தது.

இதனோடு, 1947இல் யுனெஸ்கோ நிறுவனம் பல நாட்டுச் சிந்தனையாளர்களிடம் கருத்துக் கேட்டது. கடமையை நன்கு செய்வதிலிருந்தே உரிமை பிறக்கிறது என்று காந்தியடிகள் எழுதியனுப்பினார். பின்னாளில் இந்திய மத்திய அமைச்சரான ஹுமாயூன் கபீர் இஸ்லாமிய மரபும் மனித உரிமையும் பற்றி எழுதினார். பகைமையான கொள்கைகள் உடையவர்கள் ஒரே உரிமைப் பட்டியலில் உடன்பட்டது கண்டு பலர் வியந்தனர். 'ஏன்' என்று மட்டும் எவரும் கேட்காதவரை நாங்கள் உடன்படுகிறோம் என்பதே அவர்கள் நிலை என்று பிரெஞ்சு மெய்யியலாளர் ஷாக் மாரிட்டேன் அதை விளக்கினார்.

முதல் விதியில் இறைவனைக் குறிப்பிட வேண்டும் என்ற முயற்சி நிறைவேறவில்லை. இயற்கை அவ்வுரிமையைத் தந்தது என்ற குறிப்பும் நீக்கப்பட்டது. 1948 டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸ் நகரில் அப்பிரகடனம் 48 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர் இல்லை. எட்டு நாடுகள் விலகி நின்றன. சோவியத் நாடும் அதன் அணியினரும், நிறவெறி ஆட்சியைத் தொடங்கியிருந்த தென்னாப்பிரிக்காவும், சவூதி அரேபியாவும் அவற்றுள் அடங்கும். பாகிஸ்தான், எகிப்து முதலிய நாடுகள் ஆதரித்து வாக்களித்தன.

வெளிப்பார்வைக்கு இது கட்டுமானக் கொள்கையின் வெற்றி. அடித்தளத்தைப் பற்றி ஒன்றுபடாதவர்கள் கூடிப் பேசி, வாக்கெடுத்து, ஒரு மாளிகை எழுப்பினர். ஆனால் அந்த ஆவணத்தின் முகவுரை என்ன சொல்கிறது? மனிதனுக்குக் கண்ணியத்தை 'வழங்குகிறோம்' என்று அது கூறவில்லை. மனிதனிடம் இயல்பாகவே உள்ள கண்ணியத்தை 'ஏற்றுணர்வது' பற்றிப் பேசுகிறது. வாக்களித்துச் செய்தவர்களே, தாம் செய்ததாகச் சொல்லாமல் கண்டுகொண்டதாகச் சொன்னார்கள். வேறுவிதமாகச் சொல்ல அவர்களால் இயலவில்லை. வாக்கினால் வழங்கப்பட்ட கண்ணியம் வாக்கினால் பறிக்கப்படக் கூடியது என்பதை அப்போதுதான் ஐரோப்பா கண்ணாரக் கண்டிருந்தது.

அபூகுபைஸ் மலைமீது ஒரு குரல்

மக்களாட்சிப் பண்பாடு இல்லாத இடத்தில் என்ன என்று மேலே கேட்டோம். அதற்கு அறியாமைக் கால மக்கா நகரிலிருந்தே ஒரு சான்று கிடைக்கிறது.

யமன் நாட்டு ஸபீதிலிருந்து ஒரு வணிகர் சரக்குடன் மக்காவுக்கு வந்தார். நகரின் செல்வாக்கு மிக்க தலைவர்களுள் ஒருவரான ஆஸ் இப்னு வாயில் அச்சரக்கை வாங்கிக் கொண்டு விலையைக் கொடுக்க மறுத்தார். வணிகர் குலத்தலைவர்கள் சிலரிடம் முறையிட்டார். அவர்கள் ஆஸுக்கு எதிராக நிற்க மறுத்ததோடு, வந்தவரையே கடிந்து அனுப்பினர். அந்நியருக்கு மக்காவில் குலம் இல்லை. குலம் இல்லாதவருக்கு அங்கே பாதுகாப்பும் இல்லை. அக்காலப் பண்பாட்டில் அவர் எந்த உடன்பாட்டிலும் சேராதவர். அவர் அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று, கஃபாவைச் சுற்றிக் குறைஷிகள் அமர்ந்திருந்த வேளையில், தமக்கு நேர்ந்த அநீதியை உரத்த குரலில் முறையிட்டார் என்று சீறா நூல்கள் கூறுகின்றன.

அக்குரல் சிலர் நெஞ்சைத் தைத்தது. அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவர் இல்லத்தில் சில குலத்தார் கூடினர். உள்ளூராரோ வெளியூராரோ, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் உரிமை மீளும்வரை அவருடன் நிற்போம் என்று உறுதி பூண்டு, ஆஸிடமிருந்து பொருளை மீட்டுக் கொடுத்தனர். 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்று வரலாறு போற்றும் உடன்படிக்கை இதுவே. இளைஞராக இருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதில் கலந்து கொண்டார்கள். நபித்துவத்திற்குப் பின்னும் அதை நினைவுகூர்ந்து, இஸ்லாத்திலும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் விடையளிப்பேன் என்ற கருத்தில் நவின்றதாக அறிவிப்புகள் உள்ளன.

இந்நிகழ்ச்சியை நம் கேள்விக்கு முன்னே வைத்துப் பார்ப்போம். அந்த இல்லத்தில் கூடியவர்கள் ஒன்றைக் கட்டினார்கள். அதுவரை மக்காவில் இல்லாத ஒரு பாதுகாப்பை, அந்நியருக்கும் எட்டும் ஒரு முறையை உருவாக்கினார்கள். ஆனால் வணிகருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதை அவர்கள் கட்டவில்லை. உடன்படிக்கைக்கு முன்பே, எந்தப் பண்பாடும் அவரைச் சமமானவராக எண்ணாத போதே, அவர் மலைமீது ஏறி நின்று கூவியது உண்மையாக இருந்தது. அது உண்மையாக இருந்ததனாலேயே உடன்படிக்கை தேவைப்பட்டது. உடன்பாடு அநீதிக்குப் பரிகாரத்தைப் படைத்தது. அநீதி என்ற உணர்வை அது படைக்கவில்லை. அந்த உணர்வே உடன்பாட்டைப் படைத்தது.

வஹீ அருளப்படும் முன்னரே அவர்கள் அதை உணர்ந்தார்கள் என்பதில் மாதுரீதீ வழியினர் தம் கருத்துக்கு வலுக் காணலாம். அவ்வுணர்வு அதே நகரில் எத்தனையோ பேரிடம் மங்கிக் கிடந்தது, வஹீ வந்தே அதைக் கடமையாக்கி நிலைபெறச் செய்தது என்று அஷ்அரீ வழியினர் விடையிறுக்கலாம். அந்த விவாதம் தொடரட்டும். அநீதி நம் ஒப்புதலுக்காகக் காத்திருப்பதில்லை என்பதில் இருவரும் ஒன்றே.

அடித்தளமும் கட்டடமும்

இவ்வாராய்ச்சியிலிருந்து நாம் பெறுவது யாது? கட்டுமானக் கொள்கையினர் மனிதர் கட்டுகின்றனர் என்று கூறுவதில் பிழை இல்லை. இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் கட்டினார்கள். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), ஷரீஅத்தின் கட்டளைகளை ஆராய்ந்து, மார்க்கம், உயிர், அறிவு, வழித்தோன்றல், உடைமை ஆகிய ஐந்தையும் காப்பதே அதன் நோக்கம் என்று 'அல் முஸ்தஸ்ஃபா'வில் வகுத்துக் காட்டினார். அந்நோக்கங்களை வைத்துப் புதிய சிக்கல்களுக்கு முடிவு காண முயன்றது மனித அறிவே. ஃபிக்ஹு என்பது மனித முயற்சி. ஆகவேதான் நான்கு மத்ஹபுகள் உள்ளன. ஒரே சிக்கலில் நான்கு முடிவுகளும் உள்ளன. அவ்விமாம்களில் எவரும் தம் கட்டடத்தை அடித்தளம் என்று அழைக்கவில்லை.

அந்த வேறுபாடே நமக்கு வேண்டியது. ஒவ்வொரு மனிதரும் மதிப்புடையவர் என்பது அடித்தளம். அது நம் ஒப்பந்தத்தால் பிறந்ததன்று. ஆகவே நம் ஒப்பந்தத்தால் அழிவதும் அன்று. அதன்மேல் எழுப்பும் விதிகளும் வழக்கங்களும் கட்டடம். அவை மனிதர் கைவேலை. ஆகவே கோணலாக இருக்கலாம், திருத்தப்படவும் வேண்டும். அறமெல்லாம் மனிதர் வகுத்ததே என்று கூறும் இளைஞர் கட்டடத்தைக் கண்டு அடித்தளத்தை மறுக்கிறார். முன்னோர் வழக்கமெல்லாம் மாற்றத்தகாதவை என்று கூறும் முதியவர் அடித்தளத்தின் புனிதத்தைக் கட்டடத்திற்கு ஏற்றிவிடுகிறார். இருவரும் ஒரே இடத்தில் வழுக்குகின்றனர்.

அண்டை வீட்டாரிடம் எதைக் கொண்டு நீதி கேட்பது என்ற கேள்விக்கும் இங்கே வழி பிறக்கிறது. அடித்தளம் எதனால் ஆனது என்பதில் அவரும் நாமும் வேறுபடலாம். அதன்மீது நிற்கிறோம் என்பதில் ஒன்றுபட முடியும். எடை குறைத்து விற்பவரை எச்சரித்து, அவர் பெயராலேயே ஓர் அத்தியாயம் கொண்டுள்ள வேதத்தை அவர் ஓதாமல் இருக்கலாம். ஆயினும் ஏமாற்றப்பட்டவரின் முறையீடு அவர் செவிக்கும் எட்டும். மக்காவின் அந்த இல்லத்தில் கூடியவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதை நினைவிற் கொள்வோமாக.

நம் ஜமாஅத்துகளிலும் சங்கங்களிலும் குடும்பக் கூட்டங்களிலும் உடன்பாடுகள் நாள்தோறும் எழுதப்படுகின்றன. திருமணம் பேசி முடிக்கிறோம். சொத்தைப் பிரிக்கிறோம். வேலையாளுக்குக் கூலி நிர்ணயிக்கிறோம். ஏட்டில் கையொப்பங்கள் சரியாக இருக்கின்றன. அத்தகைய ஏட்டை மூடும் முன், நாம் தவறாமல் கேட்க வேண்டியது ஒன்றே. இது யாரைப் பற்றிய முடிவோ, அவர் இந்த அறையில் இருக்கிறாரா? இல்லையெனில் எழுந்து சென்று அவரை அழைத்து வருவோம். அவர் வந்து அமர்ந்த பிறகு, முதலிலிருந்து பேசத் தொடங்குவோம்.